காவற் செலவும் காலக் கணிப்பும்

நான் பணிபுரியும் பாடசாலை, திருகோணமலை மாவட்டத்தில் வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் இருக்கிறது. கதிர் முற்றும் காலத்தில் மேல்வகுப்பு மாணவர் சிலர் காலையின் முதற் பாடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவர். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. முதல்நாள் இரவு முழுவதும் தந்தையாருடன் பரணிலே விழித்திருந்து, யானைக்கும் பன்றிக்கும் எதிராகக் காவல் செய்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். காவல் இல்லையேல் கதிர் இல்லை. கதிர் இல்லையேல் பாடசாலைக்கு உடுத்து வரச் சட்டையும் இல்லை. ஆயினும் அந்தக் காவலுக்குச் செலவாவன தீப்பந்தமும் வெடியும் மாத்திரமல்ல. அந்தப் பிள்ளையின் காலைப் பாடமும் அதனுடன் சேர்ந்தே செலவாகிறது.

ஒரு வயலுக்கு உள்ள இந்த இக்கட்டு ஒரு நாட்டுக்கும் உண்டு. எவ்வளவு காவல் போதும்? எந்தப் பக்கத்து வேலியை முதலில் அடைப்பது? அதற்காக வீட்டில் எதனைக் குறைப்பது? நாடுகளைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களுக்கு விடை சொல்வது எளிதன்று. அயல்நாடுகளின் வலிமை, அவற்றின் நோக்கம், கடல்வழிகளும் கணவாய்களும் எவர் கையில் இருக்கின்றன என்பது, நேற்றைய நண்பன் நாளையும் நண்பனாக இருப்பானா என்பது ஆகிய யாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றிலிருந்து பிறக்கும் அபாயத்தையே புவிசார் அரசியல் அபாயம் என இக்காலத்தார் குறிப்பிடுகின்றனர்.

இங்கே நாம் கருத்திற்கொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. திறைசேரியிலிருந்து பணம் வெளியே வருவது அபாயத்தைக் கண்டு அன்று. அபாயத்தைப் பற்றி ஆட்சியாளர் செய்துகொண்ட கணிப்பைக் கண்டே வருகிறது. அபாயம் ஒரு வழியிலும் கணிப்பு வேறொரு வழியிலும் சென்ற காலங்கள் வரலாற்றிற் பல உள. அவற்றுள் ஒன்றை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்கிறேன். அது 1919 முதல் 1942 வரை பிரித்தானியா நடத்திய கணக்கு. இதனைத் தெரிந்தமைக்குக் காரணம் இரண்டு. அக்காலத்து மந்திரிசபைப் பத்திரங்கள் பின்னர் யாவரும் பார்வையிடத் திறக்கப்பட்டமையால், இன்னது நினைத்தார்கள், இன்னது செய்தார்கள் என்று நாம் அறிய முடிகிறது. மற்றக் காரணம், அந்தக் கணக்கின் கடைசிப் பக்கங்களில் ஒன்று எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலே எழுதப்பட்டதாகும்.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. பிரித்தானியா வென்றது, ஆனால் பெருங்கடனாளியாக நின்றது. தோற்ற ஜேர்மனியின் போர்க்கப்பல்கள் 1919 ஜூனில் ஸ்கபா புளோ என்னும் துறையில் அவற்றின் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டன. வேர்சாய் உடன்படிக்கை, ஜேர்மனி ஓர் இலட்சம் பேருக்கு மேற்பட்ட தரைப்படை வைத்திருத்தலாகாது என்றும், விமானப்படையும் நீர்மூழ்கிகளும் அதற்குக் கூடா என்றும் விதித்தது. இந்த நிலையில் 1919 ஆகஸ்டில் பிரித்தானிய மந்திரிசபை ஒரு விதியை வகுத்துக்கொண்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பேரரசு எந்தப் பெரும் போரிலும் ஈடுபட நேராது என்று வைத்துக்கொண்டு, முப்படைகளும் தத்தம் செலவு மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும் என்பதே அந்த விதி. வரலாற்றாசிரியர் இதனைப் ‘பத்தாண்டு விதி’ என அழைப்பர்.

இதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 1919-20 நிதியாண்டில் 76 கோடியே 60 இலட்சம் பவுணாக இருந்த பாதுகாப்புச் செலவு, 1921-22 இல் 18 கோடியே 90 இலட்சமாயிற்று; 1932 இல் 10 கோடியே 20 இலட்சமாக இறங்கிற்று. இதனை மடமை என்று நாம் நகைத்துவிட முடியாது. 1919 இல் நின்று பார்த்தால் அக்கணிப்பு நியாயமானதே. உண்மையிலே அதன்பின் பத்து ஆண்டுகள் பெரும் போர் எதுவும் வரவில்லை. படைக்குச் செலவிடாத பணம் முழுவதும் பாடசாலைக்குச் சென்றது என்றும் எண்ண வேண்டா. சேர் எரிக் கெடிஸ் என்பவரின் தலைமையில் அமைந்த குழு 1922 இல் அரசாங்கச் செலவின்மீது ஓங்கிய கோடரி, படையையும் வெட்டிற்று, கல்வியையும் வெட்டிற்று. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகக் கற்பதற்கென 1918 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வகுத்த தொடர்கல்வித் திட்டம், அந்தச் சிக்கனக் காலத்திலே நாட்டின் பெரும்பகுதியிற் கைவிடப்பட்டது.

விதி பிழைத்தது 1919 இல் அன்று, 1928 இல். அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். பிற்காலத்தில் ஆயுத பலத்தைப் பெருக்குமாறு ஓயாது குரல் எழுப்பிய அதே சேர்ச்சில்தாம். அவருடைய தூண்டுதலினால், வேண்டாம் என்று வெளிப்படையாகத் தீர்மானிக்கப்படும் வரையில், பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குவதாக விதி மாற்றப்பட்டது. நம் ஊர்க் கடைகளிலே ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நாளை போய்க் கேட்டாலும் பலகை அதையே சொல்லும். பிரித்தானியத் திறைசேரியின் வாயிலிலே தொங்கிய பலகையும் அத்தகையதே. 1919 இல் பத்து ஆண்டு. 1929 இல் அது தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1929 இலும் பத்து ஆண்டு. 1931 இலும் பத்து ஆண்டு.

1931 செப்டெம்பரில் யப்பானியப் படைகள் மஞ்சூரியாவினுட் புகுந்தன. அதே மாதம் பிரித்தானியாவிலே பொருளாதார நெருக்கடி காரணமாக அரசாங்க ஊழியர் சம்பளங்கள் குறைக்கப்பட்டன. ஆசிரியரின் சம்பளமும் குறைந்தது. கடற்படை மாலுமிகளின் சம்பளமும் குறைந்தது. இன்வேகோர்டன் என்னுமிடத்தில் நின்ற போர்க்கப்பல்களின் மாலுமிகள் கடலுக்குப் புறப்பட மறுத்து நின்றனர். பேரரசின் இரும்புக் கரம் எனப்பட்ட கடற்படை அன்று இருந்த நிலை அது. 1932 ஜனவரியில் யப்பானியர் ஷங்காய் நகரைத் தாக்கினர். மார்ச் மாதத்தில் மந்திரிசபை பத்தாண்டு விதியைக் கைவிட்டது. கைவிடும்போதே, நாட்டின் நிதிநிலை மோசமாக இருப்பதால் இதனைச் செலவு பெருக்குவதற்கான அனுமதியாகக் கொள்ளலாகாது என்றும் கூறிற்று.

இனி, பணம் ஒதுக்கினால் அடுத்த நாளே பாதுகாப்பு வந்துவிடுமா? வராது. பன்னிரண்டு ஆண்டுகள் கட்டளைகள் இல்லாமையால் கப்பற் பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. பீரங்கி வார்ப்பதிலும் கவசத் தகடு அடிப்பதிலும் தேர்ந்த தொழிலாளர் வேறு தொழில் தேடிப் போய்விட்டனர். பின்னாளில் அவசரம் வந்தபோது, போர்க்கப்பல்களுக்கு வேண்டிய கவசத் தகடுகளில் ஒரு பகுதியைச் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வாங்க நேர்ந்தது. வயலைத் தரிசாக விட்டவன், மழை பெய்த அன்றே விதைக்க முடியாமல் முதலிற் பற்றை வெட்ட வேண்டியிருப்பது போன்ற நிலை இது. எனினும் நீதியாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1925 இலே பெருந்தொகை செலவிட்டு விமானம் வாங்கியிருந்தால், அவை இரட்டைச் சிறகு விமானங்களாக இருந்திருக்கும். 1940 இல் அவற்றாற் பெரும் பயன் இருந்திராது. முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதும் காவல் ஆகாது. வேண்டும்போது செய்துகொள்ளும் திறனை அழியவிடாது வைத்திருப்பதே பெரிது.

ஹிட்லர் 1933 ஜனவரியில் ஆட்சிக்கு வந்தார். அதன்பின் பிரித்தானியா எதிர்நோக்கிய வினா, எவ்வளவு செலவிடுவது என்பதிலும் பார்க்க, எதற்குச் செலவிடுவது என்பதே. ஐரோப்பாவிலே ஜேர்மனி, கிழக்கிலே யப்பான், 1935 இல் அபிசீனியாவின்மீது படையெடுத்தபின் மத்தியதரைக் கடலிலே இத்தாலி. மூன்று பக்கத்து வேலியும் ஒரே காலத்திற் சாய்ந்தது. மூவரையும் ஒருங்கே எதிர்க்க இயலாது என்று படைத்தலைவர்கள் மந்திரிசபைக்கு எடுத்துரைத்தனர். எனவே பங்கீடு அவசியமாயிற்று.

1934 இல் படைத்துறை அதிகாரிகளும் திறைசேரி அதிகாரிகளும் சேர்ந்த குழு ஒன்று, ஜேர்மனியே இறுதியில் எதிர்க்க வேண்டிய பகைவன் என்று கூறித் திட்டம் வகுத்தது. அப்போது நிதி மந்திரியாக இருந்த நெவில் சேம்பர்லேன், அத்திட்டத்திலே தரைப்படைக்குக் கேட்கப்பட்ட தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, உள்நாட்டைக் காக்கும் விமானப்படையின் பங்கைப் பெருக்கினார். 1937 இலே ஐந்து ஆண்டுகளில் 150 கோடி பவுண் செலவிடுவதெனவும், அதில் 40 கோடி வரை கடனாகப் பெறுவதெனவும் தீர்மானிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், பாதுகாப்பு இணைப்பு மந்திரியான சேர் தோமஸ் இன்ஸ்கிப் முதன்மை வரிசை ஒன்றை வகுத்தார். தாய்நாட்டைக் காத்தல் முதலாவது. கடல் வாணிபத்தைக் காத்தல் இரண்டாவது. கடல் கடந்த ஆட்சிப் பகுதிகளைக் காத்தல் மூன்றாவது. நேச நாடுகளின் நிலத்தைக் காக்க உதவுதல் நான்காவது. நாட்டின் பொருளாதார வலிமையும் முப்படைகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க நான்காவது படை என்பது அவருடைய கொள்கை.

இந்த வரிசை வெறுங் காகிதமாக நின்றுவிடவில்லை. விமானப்படைத் தலைவர்கள் கனரகக் குண்டுவீச்சு விமானங்களையே விரும்பினர். இன்ஸ்கிப்போ, ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலைக்குப் பல சண்டை விமானங்களைச் செய்யலாம். முதல் அடியில் வீழாமல் நிற்பதே நம் தேவை என்று வாதித்தார். அவர் வாதம் வென்றது. ஹரிக்கேன், ஸ்பிட்பயர் விமானங்களுக்கு முதன்மை கிடைத்தது.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு உவப்பான ஒரு செய்தியும் இதனுட் கலந்திருக்கிறது. 1935 பெப்ரவரி 26 ஆம் நாள், பி.பி.சி. நிறுவனத்தின் டாவென்ட்ரி சிற்றலை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து எழுந்த அலைகளின் வழியே விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதன்மேற் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அது வருவதை அறியலாம் என்று றொபேட் வாட்சன் வாட் என்னும் விஞ்ஞானி செய்துகாட்டினார். அந்த ஆராய்ச்சிக்கு முதலில் ஒதுக்கப்பட்ட பணம் ஏறத்தாழப் 10,000 பவுண். ஒரு போர்க்கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் அது துரும்பு. அதிலிருந்து வளர்ந்த றேடார் நிலையங்கள் 1939 இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் வரிசையாக நின்றன. 1940 கோடையில் ஜேர்மனிய விமானங்கள் வந்தபோது அந்நாட்டைக் காத்தவற்றுள் அவை முதன்மையானவை. ஒதுக்கீட்டின் அளவு வேறு, அதன் பொருத்தம் வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதலாவது இடத்தில் வைத்தது பிழைத்துக்கொண்டது. கடைசியில் வைத்தவை என்னாயின? நான்காவது இடத்திற் கிடந்த தரைப்படை, 1939 இன் தொடக்கத்தில் அவசரமாகப் பெருக்கப்பட்டு, 1940 மே மாத இறுதியில் டன்கேர்க் கடற்கரையிலே தன் பீரங்கிகளையும் வாகனங்களையும் விட்டுவிட்டு உயிரோடு மீண்டது. மூன்றாவது இடத்திற் கிடந்தவை கீழ்த்திசை நாடுகள். அவற்றின் கதையையே இனிச் சொல்லப்போகிறேன்.

சிங்கப்பூரிலே பெருங் கடற்படைத் தளம் அமைப்பதென 1921 இலேயே தீர்மானிக்கப்பட்டது. அரசாங்கம் மாறும்தோறும் வேலை நின்றது, தொடர்ந்தது, மீண்டும் தளர்ந்தது. 6 கோடி பவுண் அளவிற் செலவாகி 1938 பெப்ரவரியிலே தளம் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே நிலையாக நிற்பதற்குக் கடற்படை இல்லை. ஆபத்து வரும்போது ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் புறப்பட்டு வரும் என்பதே திட்டம். பரண் கட்டினார்கள், அதில் ஏறி இருக்கக் காவற்காரன் இல்லை. காவற்காரன் வேறு வயலிலே யானையோடு போராடிக்கொண்டிருந்தான். 1941 டிசெம்பர் 10 ஆம் நாள், அனுப்பப்பட்ட இரு பெருங் கப்பல்களும் மலாயாக் கரைக்கு அப்பால் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அதன்பின் இந்து சமுத்திரத்தில் எஞ்சிய பெருந்துறை எங்களுடையது. ஏப்ரில் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆம் நாள் காலையில் திருகோணமலைக்கு வந்தன. அன்று என் தந்தையாருக்கு வயது பத்து. அவருடைய தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காலையிலே வானம் இரைந்ததும், எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றிப் பல நாள் கரும்புகை கக்கியதும், இரவோடிரவாக மாட்டுவண்டியிற் கந்தளாய்ச் சாலை வழியே போனதும் அவர் எங்களுக்குப் பலமுறை சொன்னவை. அதே நாளில் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அது இன்றும் கடலடியிலே கிடக்கிறது. பிரித்தானியக் கப்பற்படையின் பழைய கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கின. என் தந்தையாருக்கு அந்த ஆண்டு பள்ளிக்கூடம் இல்லாமற் போயிற்று. இலண்டன் மாநகரிலே ஒரு மேசையைச் சுற்றியிருந்து கடல் கடந்த பகுதிகளை மூன்றாவதாக எழுதியவர்கள், அந்தப் பத்து வயதுச் சிறுவனை அறியார். அவனுடைய நாட்டாரை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. தம்முடைய அபாயத்தைப் பிறர் கணிக்க விட்ட மக்களுக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும் என்பதை நாம் அன்று அறிந்துகொண்டோம்.

எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கதை பழங்கதையாகிவிட்டதா? இல்லை. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ஐரோப்பிய நாடுகள் பல, பெரும் போர் இனி இல்லை என்று கணித்துப் படைச் செலவைக் குறைத்தன. 2014 இல் உருசியா கிரிமியாவைக் கைக்கொண்டபோது அந்தக் கணிப்பு ஆட்டங் கண்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது முழுப் படையெடுப்பு நிகழ்ந்தபோது அது முறிந்தது. மூன்றே நாள்களில் ஜேர்மனி 10,000 கோடி யூரோவுக்குத் தனி நிதி ஒன்றை அறிவித்தது. 1976 முதல் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்கு என்பதை எல்லையாகக் கொண்டு பழகிய யப்பான், 2027 ஆம் நிதியாண்டில் அதனை இரண்டு பங்காக்குவதென 2022 டிசெம்பரில் முடிவு செய்தது. ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024 இல் உலக நாடுகளின் படைச் செலவு 2,71,800 கோடி டொலர். அது முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 9.4 பங்கு அதிகம்.

2025 ஜூனில் ஹேக் நகரிற் கூடிய நேட்டோ நாடுகள், 2035 அளவில் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக உறுதி பூண்டன. அதில் மூன்றரைப் பங்கு நேரடியான படைச் செலவு. எஞ்சிய ஒன்றரைப் பங்கு பாலம், வீதி, தொடர்பு வலையமைப்பு முதலியவற்றின் காப்புக்கானது. நேயர்கள் கவனித்திருப்பீர்கள். இதுவும் பத்து ஆண்டுதான். 1919 இல் பத்து ஆண்டுக்கு ஆபத்தில்லை என்றது ஒரு கணக்கு. 2025 இல் பத்து ஆண்டுக்குள் ஆயத்தமாக வேண்டும் என்றது மற்றொரு கணக்கு. திசை நேர்மாறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே சோதனைதான் உண்டு. இடையில் நின்று, நாம் நினைத்தது சரிதானா என்று கேட்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா? ஹேக் நகரிலே 2029 இல் மீளாய்வு செய்வதென்றும் சேர்த்து எழுதியிருக்கின்றனர். ஐந்து என்னும் தொகையிலும் பார்க்க அந்த மீளாய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆபத்தில்லை என்று எழுதி வைத்துவிட்டு உறங்குவதும் பிழை. ஆபத்து உண்டு என்று எழுதி வைத்துவிட்டு ஆண்டுதோறும் கேள்வியின்றிப் பணம் கொட்டுவதும் பிழை. இரண்டிலும் மனிதன் சிந்திப்பதை நிறுத்திவிட்டு, விதியைச் சிந்திக்க விடுகிறான்.

திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசனுக்கு நான்கு வல்லமைகள் வேண்டும் என்கிறார். பொருள் வரும் வழியை உண்டாக்க வேண்டும்; வந்ததைச் சேர்க்க வேண்டும்; சேர்த்ததைக் காக்க வேண்டும்; காத்ததைப் பங்கிட்டுச் செலவிட வேண்டும். காவலைச் சொன்னவர் அதனோடு நிறுத்தினாரல்லர். பங்கீட்டைக் கடைசியில் வைத்தார். முன்னைய மூன்றும் பயன் தருவது அதனாலேயே என்பதை, நாம் கண்ட இந்த வரலாறும் காட்டுகிறது.

இவ்வாண்டு எங்கள் கிராமத்துக் கமக்காரர் தமக்குள்ளே ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். யானையின் தடம் எந்தப் பக்கம் காணப்படுகிறது என்று மாலைதோறும் பார்த்து, அந்தப் பக்கத்துப் பரணில் மாத்திரம் முறை வைத்துக் காவலிருக்கின்றனர். தடம் இல்லாத இரவிற் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். காவல் குறையவில்லை. காலைப் பாடத்திலே கண்ணயரும் பிள்ளைகளின் தொகைதான் குறைந்திருக்கிறது.